லிஃப்ட் கதவில் சிவப்புக் கை

யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பதெல்லாம் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் என்னைக் கேட்டால்தான் தெரியும். அதனால் ஆவணப்படம் எடுக்கிறவர்கள் முதலில் என் கதவைத் தட்டியதில் ஆச்சரியமில்லை. தலை சீவ அவகாசம் தரவில்லை என்பதுதான் வருத்தம்.

விஷயம் ஆறு வருடம் பழையது. மூன்றாம் மாடியில், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பதின்மூன்று வயது மகள். அப்போது இணையத்தில் 'லிஃப்ட்காரன்' என்று ஒரு கதை உலவியது. யாரையாவது பலி கொடுக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். மற்ற பிள்ளைகள் படித்துச் சிரித்தார்கள். இவளுக்கு மட்டும் அவன் குரல் காதில் கேட்டது. கூடப் படித்தவளை எங்கள் கட்டிட மாடிப்படியில் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் பிழைத்தாள். இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள். இவளை நீதிமன்றம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது.

இப்போது தேறி வீடு திரும்பப் போகிறாள். திரும்பக் கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். அவர் காட்டிய ஆதாரம், லிஃப்ட் கதவில் எவ்வளவு துடைத்தும் போகாத சிவப்புக் கைத்தடம். வெறும் பெயிண்ட் என்று போலீஸ் அன்றே விட்டுவிட்டது. இணையம் விடவில்லை, லிஃப்ட்காரனின் முத்திரையாம். "நோயாளின்னா முத்திரை வெச்சுட்டுத்தான் செய்வாளா? எல்லாம் திட்டம்" என்பார் செயலாளர்.

மருந்துக்கடை அம்மா என்னிடம் வந்தாள்.

"அக்கா, படத்துல என்ன வேணா சொல்லுங்க. அந்தக் கையை மட்டும் விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

 அந்தக் கை என்னுடையது.

படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்த வாரம் அது. ஈரமென்று தெரியாமல் பிடித்தேன், லிஃப்ட் கதவில் ஊன்றினேன். மறுநாள் அந்தச் சம்பவம். நிருபர்கள் மைக்கை நீட்டி, "இது அவ கையா?" என்றார்கள். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, "வேற யாரு?" என்று சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குச் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லுங்க, ஆன்ட்டி" என்றான் படத்தின் டைரக்டர், லிஃப்ட் முன்னால் கேமராவை வைத்துக்கொண்டு.

"அது பொய்ப்பா. என் கை." தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். எப்போதோ கதவில் நசுங்கிய சுண்டுவிரலின் கோணல் உட்பட அப்படியே பொருந்தியது. "அந்தப் பொண்ணுக்கு வியாதி. அவ அம்மா ரெண்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. வயசுக் கோளாறுன்னு அனுப்பிட்டாங்க. இதைப் போடு."

"வியாதின்னா ஜனங்க பாதியில எழுந்து போயிடுவாங்க, ஆன்ட்டி."

"போகட்டும். அவங்களுக்கும் வீட்டுல வேலை இருக்கும்ல."

வெள்ளிக்கிழமை படம் வந்தது. என் குரலே இல்லை. என் கை மட்டும் மெதுவாகக் கதவை நோக்கிப் போகிறது. பின்னால் தடதடவென்று மேளம். 'அந்தக் கை எதைச் சொல்ல வந்தது?' என்று ஓர் ஆண் குரல். லிஃப்ட்காரனுக்கு இருபது நிமிடம். நோய்க்கு ஒரு தும்மல் போடும் நேரம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செயலாளர் வீட்டு மணியை அடித்தேன்.

"காலங்காத்தால என்னம்மா?"

"வாங்க, படத்துல விட்டதைக் காட்டறேன்." லிஃப்டுக்குக் கூட்டிவந்து தடத்தின்மேல் கையை வைத்தேன்.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "உங்க வாயை எப்படி நம்பறது?"

"வாயை நம்பாதீங்க. விரலைப் பாருங்க."

"ஆறு வருஷமா ஏன் சொல்லலை?"

"பொய் சொன்னப்போ எல்லாரும் என்னைத் தேடி வந்தாங்க. நிஜத்தைச் சொன்னா நான்தானே உங்க வீட்டுக்கு வர வேண்டியிருக்கு?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களை லிஃப்டுக்கு இழுத்துவந்தேன். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில், அவள் வரலாம் என்று முடிவானது. மருந்துக்கடை அம்மா ஒரே ஒரு தடவை என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் ஒற்றைப் பையோடு வந்தாள். லிஃப்டைப் பார்க்காமல் படிக்கட்டுக்குப் போனாள். முட்டிவலியோடு நானும் ஏறினேன்.

"பையைக் குடும்மா."

"வேணாம், அத்தை."

இரண்டு மாடி வரை ஒன்றும் கேட்கவில்லை. என் ஆயுளில் அது பெரிய சாதனை. மூன்றாவதில் முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில சாப்பாடெல்லாம் எப்படி?"

"உப்பே இருக்காது, அத்தை."

அவள் அம்மா கதவைத் திறந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். மகளை மட்டும் உள்ளே விட்டாள்.