நான் அடித்த பதினோரு வரிகள்

எங்கள் பத்தாம் வகுப்பில் என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை. யார் கட்டுரை என் கைக்கு வந்தாலும் பாதியாக இளைத்துத்தான் திரும்பிப் போகும், அதற்கு வைத்த பெயர் அது.

எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கட்டுரையை எழுதுகிறவள் பேனாவால் எழுத வேண்டும். பிறகு ஜோடியில் இருக்கிற இன்னொருத்தி அதைப் பென்சிலால் திருத்த வேண்டும். கடைசியில் இரண்டு பெயரும் போட வேண்டும்: எழுதியவர் இன்னார், பார்த்தவர் இன்னார். பார்த்தவருக்கும் மதிப்பெண் உண்டு. எழுதுவதில் நான் சுமார்தான் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் பென்சிலில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை என் எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள்.

என் ஜோடிக்குக் கம்ப்ரசர் என்று பெயர். அவள் அப்பா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்பது ஒரு காரணம். எதையாவது கேட்டால் உடனே பதில் வராது, கொஞ்ச நேரம் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டுத்தான் பேச்சு கிளம்பும் என்பது இன்னொரு காரணம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போய் கதவு ரப்பர் மாற்றுவாள். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு மசகு இருக்கும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அடுத்த வருஷம் ஆரம்பமாகிற இலக்கியப் பிரிவில் சேர வேண்டும். மொத்தம் பன்னிரண்டு இடம். அது கிடைக்காவிட்டால் வணிகப் பிரிவு என்று அவள் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. "கதை படிக்க எதுக்கும்மா ஒரு வகுப்பு, வீட்டுலயே படிக்கலாமே?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்பார்.

இடம் வாங்க ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். பிறகு ஹெச்.எம். அறையில் நேர்காணல். எழுதியவளும் பார்த்தவளும் சேர்ந்துதான் போக வேண்டும். ஆனால் பார்த்தவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவளுடைய சொந்த விண்ணப்பம் தள்ளுபடி. என் கட்டுரையை எல்லோருக்கும் முந்தியே கொடுத்துவிட்டேன். அதில் கம்ப்ரசர் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்திருந்தாள். என் நேர்காணல் கடைசி நாளில். இடம் எனக்குத்தான் என்று வீட்டில் அறிவிப்பு வேறு செய்திருந்தேன்.

கட்டுரைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு கதை. சின்னக் கதைதான். கணவன் கப்பல் வேலைக்குப் போய் வருஷக் கணக்காகிறது. மனைவி தனியாக இருக்கிறாள், அவ்வப்போது வாசல் கதவைத் திறந்து மூடுவாள். யார் கேட்டாலும், "நான் ஒன்றும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை" என்பாள். கடைசி வரை அவன் வரமாட்டான். அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

கம்ப்ரசர் எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கதையைப் பற்றிய கட்டுரைக்குள் ஃப்ரிட்ஜ் கதவு! கடைக்கு வருகிற வாடிக்கையாளர்! கீல், எண்ணெய்!

"என்னடி இது, கட்டுரையா, கடை விளம்பரமா?" என்றேன்.

"ம்ம்ம்... படிக்கும்போது அப்படித்தான் தோணுச்சு."

"தோணுறதெல்லாம் எழுதுவியா? ஹெச்.எம். படிக்கப் போறாங்கடி! குடு இங்க."

வாங்கினேன். பென்சிலைச் சீவிக்கொண்டேன். பதினோரு வரிகளை அடித்தேன். ஓரத்தில் 'ஆதாரம் எங்கே?' என்று இரண்டு இடத்தில் கேட்டேன். அடித்த இடம் ஓட்டையாக இருந்ததால் நானே சில வரிகள் எழுதி அடைத்தேன். 'இந்தக் கதவு நம்பிக்கைக்கும் நிராசைக்கும் நடுவே நிற்கும் மனித வாழ்வின் குறியீடு' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருக்கும். அந்த வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அவ்வளவு பிடித்துப்போனது. பிறகு அவளுக்காகச் சுத்தப் பிரதியும் நானே எழுதினேன். பழைய தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

என் அம்மா ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். வெட்டி மிஞ்சின துண்டுகளை ஆர்டர் போய்ச் சேருகிற வரைக்கும் மூட்டை கட்டி வைத்திருப்பாள், எதற்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாதாம். அம்மா வேலை அம்மாவுக்கு, என் வேலை எனக்கு என்று இருந்துவிட்டேன்.

சுத்தப் பிரதியைக் கம்ப்ரசர் படித்தாள். ரொம்ப நேரம் உறுமினாள்.

"நல்லாத்தான் இருக்கு. நான் எழுதின மாதிரியே இல்ல."

பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

அவளுடைய நேர்காணல் வியாழக்கிழமை காலையில். ஹெச்.எம். அறையில் கண்ணாடி போட்ட பெரிய மேஜை, மூன்று அலமாரி, மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஐஸ் பை வைப்பதற்காக. அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹெச்.எம். நடுவில், மிஸ் பக்கத்தில். எதிரே நாங்கள் இரண்டு பேரும். கம்ப்ரசர் நகக்கண்ணைச் சோப்புப் போட்டுத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள்.

ஹெச்.எம். கட்டுரையைப் புரட்டினார். "நல்ல இங்கிலீஷ். இந்த வரியைக் கொஞ்சம் விளக்கும்மா. 'இந்தக் கதவு மனித வாழ்வின் குறியீடு.' எந்த இடத்தைப் படிக்கும்போது உனக்கு அப்படித் தோணுச்சு?"

கம்ப்ரசர் உறுமினாள்.

"சரி, விடு. 'நிராசை'னு எழுதியிருக்க. அவ நிராசையாயிட்டான்னு கதையில எங்க வருது?"

அவள் மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, "இது நீ எழுதினதுதானேம்மா?" என்றார்.

பொய் சொன்னால் இடம் கிடைக்கலாம், ஆனால் அவளுக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் என் பெயர் கெடும் என்று, பாவி, அதையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்படியே எழுந்து வணிகப் பிரிவுக்குப் போய்விடுவாள் போலிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு யார் மேல், என் மேல்தான்.

"அவ எழுதினதை நான் அடிச்சிட்டேன் மேடம்," என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். ஹெச்.எம்., "விதி தெரியுமில்ல உனக்கு?" என்றார்.

"தெரியும் மேடம். அந்த வரி என்னோடது. அதுக்கு அர்த்தம் கேட்டா எனக்கே தெரியாது. கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு, போட்டேன்."

"அவ எழுதின தாள் எங்க?"

"கிழிச்சிட்டேன்."

"அப்புறம் நான் எதை வெச்சு முடிவு பண்றது?"

"நான் சொல்றேன்," என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் வரிகள் வரிசையாக வந்து நின்றன. அடித்த பதினோரு வரியும், ஒரு சொல் மாறாமல். அவள் எழுதியது ஆங்கிலத்தில், நான் சொன்னதும் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"'இந்தக் கதையில் கதவு ஏழு தடவை திறக்கிறது. நான் எண்ணினேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவைத் திறப்பீர்கள் என்று கேட்பார். அதிகம் திறப்பதில்லை என்று சொல்கிறவர் வீட்டு ரப்பர்தான் முதலில் தேய்ந்துபோகிறது. இந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்கிறாள்.'"

ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

"'இரண்டாம் பக்கத்தில் கதவைத் திறந்தால் கீல் கிறீச்சிடுகிறது. ஆறாம் பக்கத்தில் அதே கதவு சத்தமில்லாமல் திறக்கிறது. நடுவில் யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். அவள் கதவைத் திறந்து திறந்து பார்ப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. அந்த எண்ணெயை மட்டும் எழுதியவர் நமக்குக் காட்டவில்லை.'"

மிஸ் மேஜையிலிருந்த பாடப்புத்தகத்தை இழுத்து, கதையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். பிறகு ஆறாம் பக்கம். விரலை அந்த வரியில் வைத்தபடி, "ஒன்பது வருஷமா இந்தக் கதைய நடத்தறேன்," என்றார்.

ஹெச்.எம். கம்ப்ரசர் பக்கம் திரும்பினார். "கீல் சத்தத்தை எப்படிம்மா கவனிச்ச?"

இந்த முறை உறுமலே இல்லை. "சத்தம் நின்னா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் மேடம். தானா எதுவும் சரியாகாது." பிறகு மூலையைக் காட்டினாள். "உங்க ஃப்ரிட்ஜுக்கும் கதவு ரப்பர் போயிடுச்சு. அதான் நிக்காம ஓடுது. நாளைக்கு வந்து மாத்திடறேன்."

ஹெச்.எம். வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. கட்டுரையின் மேல் அவர் போட்ட டிக்கைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். பன்னிரண்டில் ஓர் இடம் அவளுக்கு.

பிறகு என் முறை வந்தது.

"நீ வாயத் திறந்துட்ட. விதி விதிதான். உன் விண்ணப்பம் தள்ளுபடி," என்றார் ஹெச்.எம்.

"சரி மேடம்." வலித்தது. வீட்டில் செய்த அறிவிப்பு வேறு ஞாபகம் வந்தது.

"ஒரு கேள்வி. அவ வரி பதினொண்ணும் தலைகீழாச் சொல்ற. உன் கட்டுரையிலேருந்து ஒரு வரி சொல்லு பாப்போம்."

ஆரம்பித்தேன். 'மனித வாழ்வு...' என்று வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நாலு பக்கம், நானே உட்கார்ந்து எழுதியது, ஒரு வரி நினைவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கம்ப்ரசர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ்தான் பேசினார். "மேடம், பழைய விண்ணப்பம் தள்ளுபடி. விண்ணப்பிக்க இன்னும் திங்கட்கிழமை வரைக்கும் நாள் இருக்கு. புதுசா ஒண்ணு குடுக்கக் கூடாதுன்னு விதி இல்ல."

ஹெச்.எம். மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

வெள்ளியும் சனியும் எழுதினேன். அதே கதை. அந்தப் பெண் சாப்பாட்டு மேஜையில் விரிக்கிற துணியைப் பற்றி எழுதினேன். இரண்டு பேருக்கான துணியை அவள் பாதியாக வெட்டுகிறாள், வெட்டின பாதியைத் தூக்கிப் போடுவதில்லை. கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. துணி வெட்டுகிறவள் மகள் நான் தாண்டலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கடைக்குப் போனேன். அவள் அப்பா எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "அந்த எண்ணெய்க் கதைய எனக்கும் படிச்சுக் காட்டினா. இது எங்க தொழில்தானேம்மா!" என்றார். கம்ப்ரசர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். நான் சீவின பென்சிலை நீட்டினேன்.

"அடிடி. தயவு தாட்சண்யம் பாக்காத."

அவள் பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டாள். "பாக்காம சொல்லு," என்றாள்.

"முழுசையுமா?"

"ம்ம்ம்."

சொன்னேன். முதல் பக்கம் சரளமாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கம்பீரமான வரியில் வந்து தடுக்கினேன். திரும்ப முயன்றேன், திரும்பவும் அங்கேயே தடுக்கியது.

"அந்த இடத்த அடி," என்று பென்சிலை என்னிடமே கொடுத்தாள்.

நானே அடித்தேன். மிச்சத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கட்டுரையை மிஸ் மேஜையில் வைத்தேன். மத்தியானம் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரதி ஒன்றை எடுத்துப் போகச் சொன்னார் மிஸ். வேண்டாம் மிஸ் என்று சொல்லிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு போனேன். பக்கத்தில் கம்ப்ரசர், விதிப்படி வாயை மூடிக்கொண்டு.