அமைச்சர் வராத துக்க வீடு

துக்க வீட்டுக்கு வரும் அமைச்சரைத் திட்டி விரட்டுவது எங்கள் இஸ்ரேலில் கிட்டத்தட்ட சடங்காகிவிட்டது. அஃபூலா நகரில் ஷுலாவின் மகன் எவியதார் போரில் இறந்து, ஏழு நாள் துக்கமும் முடியப்போகிறது. அமைச்சர் வரவில்லை. திட்டு வாங்கக்கூட அவருக்கு நேரமில்லை. அதனால் அவள் எங்கள் தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சிக்குப் போன் செய்தாள்.

"உங்ககிட்ட ஒரு அமைச்சர் இருக்கானே, அவனை அனுப்புங்க. நான் ஒருத்தனையாவது கேக்கணும். கேட்டுட்டு வெளிய தள்ளணும்."

எங்கள் அமைச்சர், நடிகன் அமிகாம். இளமையில் வெளிநாட்டுப் படங்களில் பாலைவனப் புழுதியோடு வந்து பெண்களைக் காப்பாற்றும் இஸ்ரேலிய வீரன். இப்போது அதே கம்பெனிகள் கூப்பிட்டால், கைதியை அடிக்கும் அதிகாரி வேடம். முகம் அதேதான். அந்த வேடத்தை மறுத்துவிட்டு, வாரம் ஒருமுறை நான் எழுதித் தருவதைப் பேசி எங்கள் அமைச்சராகிறான்.

காரில் கேட்டான்: "என்ன எழுதியிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"முதல் தடவையா உருப்படியா எழுதியிருக்க."

வாசலில் பொய்முடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். ஷுலா தரையோடு கிடந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? இத்தனை நாளா எங்கடா போயிருந்த? எம்புள்ளைய எதுக்கு அங்க அனுப்பின? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அமிகாமின் கண் கலங்கியது.

"மன்னிச்சிடு ஷுலா. என் தப்புதான்."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள்.

"அவன் இப்படிச் சொல்லவே மாட்டான். ஒழுங்கா நடி. உன்னை என்னால திட்ட முடியலயே!"

அமிகாம் என் பக்கம் திரும்பினான். நான் காதருகே முணுமுணுத்தேன்: "தேசமே உங்களோட நிக்குதுன்னு சொல்லு. சொல்லிட்டு வாட்சைப் பாரு."

போன வாரம் அரங்கமே கைதட்டிய வசனம் அது. சொன்னான். வாட்சைப் பார்த்தான்.

ஷுலா எழுந்தாள்.

"வெளிய போடா! என் வீட்டைவிட்டுப் போடா!"

அவன் நெஞ்சில் அடித்து அடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். நினைத்தது நடந்துவிட்டது. கதவைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் அவன் சட்டையைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"போறேம்மா, போறேன்" என்று அமைச்சரின் குரலிலேயே சொல்லிக்கொண்டு அமிகாம் அங்கேயே நின்றான்.