கடைசி மதிப்பெண்

வருடாந்திர மதிப்பீட்டில் குழுவின் ஐந்து பேரில் ஒருவருக்குக் கடைசி மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார். குழுத்தலைவி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத்தாள்களை எழுதுவது அவர்கள் வேலை. யார் எத்தனை தாள் முடித்தார்கள் என்று பார்த்தால் டீச்சரக்காதான் கடைசி. அவள் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் அல்ல. சந்தேகம் என்றால் எல்லோரும் அவள் மேசைக்கு ஓடியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தலைவியும் அப்படி ஓடியவள்தான்.

தனியறையில் விஷயத்தைச் சொன்னபோது டீச்சரக்கா கோபப்படவில்லை.

"எண்ணிக்கை மட்டுந்தானா?"

"இந்த வருஷம் அப்படித்தான்க்கா. என் கையில ஒண்ணும் இல்ல."

"சரிம்மா" என்று எழுந்து போனாள். அந்தச் 'சரிம்மா' தலைவியை நாள் முழுக்க அரித்தது.

மறுநாளிலிருந்து டீச்சரக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். யாராவது வந்து நின்றால், "கையில வேலை இருக்கு, அப்புறம் பாக்கலாமா?" என்பாள். குரலில் கடுமை இருக்காது. ஆனால் அந்த 'அப்புறம்' வரவே இல்லை. மாதக் கடைசியில் அவள்தான் முதலிடம். மேலாளருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, மார்க்கைக் குறைச்சதும் எப்படி ஓடறாங்க!"

அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்துத்தாளில் ஒரு புள்ளி விடுபட்டுப்போய், இரண்டரை மில்லி இருபத்தைந்து மில்லியாகியிருந்தது. அங்கே யாருக்கோ சந்தேகம் தட்டியதால் அச்சேறாமல் தப்பியது. அதை எழுதியவர் குழுவிலிருந்த தாடிக்காரர்; அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்காகிட்ட காட்டத்தான் எடுத்துட்டுப் போனேன். ஹெட்போன் போட்டிருந்தாங்க. திரும்பி வந்துட்டேன்."

டீச்சரக்கா எழுந்து நின்றாள். ஏதோ சூடாகச் சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தோளைத் தட்டியிருக்கலாமே, தம்பி."

தலைவி நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"அந்தக் கடைசி மார்க்கை எனக்குப் போடுங்க சார்."

"உங்களுக்கு எதுக்கு?"

"அஞ்சு பேரும் என்ன செய்யறாங்கன்னு பாக்கறதுதான் என் வேலை. நான் எண்ண மட்டும்தான் செஞ்சேன்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்பார் என்று அவளுக்கு நம்பிக்கையில்லை.

வெளியே வந்தபோது தாடிக்காரர் டீச்சரக்காவின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். இருவரும் ஒரே தாளின்மேல் குனிந்திருந்தார்கள். அவளுடைய பேனா ஒவ்வோர் எண்ணிலும் நின்று நின்று நகர்ந்தது. அவள் பாதி எழுதி வைத்திருந்த சொந்தத் தாள் திரையில் அப்படியே இருந்தது. தொடுவாரில்லாமல் அந்தத் திரை மெல்ல மங்கி, இருண்டது.