இடது கைச் சுற்று

ஸ்காட்லாந்தின் பெர்த் நகர அச்சகத்தில் இயந்திரம் உறுமத் தொடங்கியதும் எஃபி ரென்னி பாய்ந்து அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! ஜோடி சுத்துறப்ப வலது கை கொடுக்கணும். நீங்க இடதுன்னு போட்டிருக்கீங்க!"

"கண்ணால பார்த்துத்தாம்மா எழுதினேன்," என்றார் நாட்டு நடனங்களைத் தொகுத்து நூலாக அச்சிடும் மோன்கிரீஃப். "உங்க ஊர் விருந்துல மொத்த வரிசையும் அப்படித்தானே ஆடுச்சு? காரணம் சொல்லுங்க, மாத்துறேன்."

எஃபி கைப்பிடியை விடவில்லை. சொன்னால், கணவனுக்காக ஊரே கட்டிக்காத்த ரகசியம் அம்பலமாகும். சொல்லாவிட்டால், ஸ்காட்லாந்து முழுக்கத் தப்பாகவே ஆடும்.

"சீக்கிரம் தாயி, மெஷின் காத்துக்கிட்டிருக்கு!" என்று கத்தினார் அச்சுக்காரர்.

"என் புருஷனோட வலது கையுறைக்குள்ள இருந்தது மரக்கை ஐயா. நிஜக் கை போர்ல போச்சு. அவர் கூசிடக் கூடாதுன்னுதான் அன்னிக்கு எல்லாருமே இடது கை கொடுத்தோம்."