மேற்கே நடந்த அரிசி ஆலை

பழுகாமத்தில் சாமித்தம்பியின் அரிசி ஆலை வருடத்துக்கு நாலு அடி மேற்கே நடந்தது. நடக்கத் தொடங்கியது 2016 ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. அன்றைக்கு நாட்டரிசி கிலோ எழுபத்தெட்டு ரூபா. ஆலை கிளம்பியபோது உள்ளே நெல்லுக் குத்த நின்றவர்கள் காலுக்கடியில் தரை லேசாகக் கூசுகிறது என்று சொன்னார்களே தவிர ஒருவரும் வெளியே ஓடவில்லை. ஓடினால் வரிசை போய்விடும். மின்சாரக்காரர் வந்து பார்த்து, வருடா வருடம் வந்து போவதைவிட இது மேல் என்று கம்பியைத் தாராளமாகத் தொங்க விட்டுப் போனார்கள். கிராம சேவகர் தன் வரைபடத்தில் ஆலையை மட்டும் பென்சிலால் போட்டுக்கொண்டார். வழியில் நின்ற முருங்கையை, ஆலை வந்து சேர ஒரு மாதம் இருக்கும்போதே வெட்டி, காயை நாலு வீட்டுக்குப் பங்கிட்டார்கள். ஆலை சுவரில் ஒரு வெடிப்பும் விழவில்லை. குத்துக்கூலியும் கூடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் குடும்பத் தொழில்களைப் பற்றி ஆராய்கிற ஒருவர் முதன்முதலாகப் பழுகாமத்துக்கு வந்திருந்தார். வெளியூர்க்காரர், நல்ல மனிசன். அடுத்த தலைமுறையைப் பற்றித் தன் வினாக்கொத்தில் இருந்த பதினேழாம் கேள்வியைச் சாமித்தம்பியிடம் வாசித்தார். சாமித்தம்பி, “மதுஷன்” என்றார். வந்தவர் எழுதிக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் படலையைத் தாண்டவும் ஆலை முதல் அங்குலத்தை வைக்கவும் சரியாக இருந்தது. ஆகவே ஆலை மகனிடம் போகப் புறப்பட்டுவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. மதுஷன் ஆரையம்பதியில் பெண் எடுத்து, வழக்கப்படி பெண்சாதியின் வீட்டோடு போய் இருந்தான். ஆரையம்பதி வாவிக்கு அந்தப் பக்கம், கிழக்கே. ஆலை போனதோ மேற்கே. அதற்கும் ஊரில் விளக்கம் இருந்தது. உழவு இயந்திரம் ஓட்டுகிற சாலிஹ் சொன்னார்: “கட்டடத்துக்கு நீந்தத் தெரியாது. அது உன்னிச்சைப் பக்கம் போய், வாவியச் சுத்தித்தான் ஆரையம்பதிக்குப் போகும்.” கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் ஒருவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்து, எழுபதாயிரம் வருடத்துக்குக் குறையாது என்றார். அவசரம் இல்லாத வேலை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

காத்தான்குடி முப்லிஹா கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தது 2018 இல். அவளையும் இன்னும் பதினொரு பேரையும் சேர்த்து, குடும்பத் தொழில்களை எப்படி ஆராய்வது என்று பழக்கியவர் ஏறாவூர் ஹில்மி சேர். முதல் வாரம் கேள்வி கேட்கப் பழக்கினார். இரண்டாம் வாரம், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கினார், அதுதான் கடினம். மேசையில் ஒரு ஐஸ் கட்டியை வைத்து, அது கரைந்து முடியும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டக் கூடாது. மூன்றாம் வாரம், தொழில் நடக்கிற இடத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்து பார்க்கப் பழக்கினார். இதில் நிதுர்ஷன் என்ற மாணவன் அளவுக்கு மேல் கெட்டிக்காரனாகி இரண்டு நாள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனான். மத்தியானச் சோற்றுப் பார்சல் ஒன்று குறைந்ததைக் கொண்டுதான் அவன் வகுப்பில் இருக்கிறான் என்று அறிந்தார்கள். ஹில்மி சேர் அவனுக்கு அந்தப் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டார். தெரியாமல் போனவன் குறிப்பு எழுதாமல் இருந்ததற்குப் பத்தைக் கழித்தார்.

முப்லிஹாவுக்கு விழுந்தது பழுகாமத்து ஆலை. 2019 இல் ஊரடங்கு, அடுத்த வருடம் கொரோனா, அதற்கடுத்து பெற்றோல் வரிசை. எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் மண்முனைப் பாலத்தால் போய் வந்து சாமித்தம்பியை ஏழு தரம் நேர்கண்டாள். ஏழு தரமும் மதுஷன் என்றார். போகும்போதெல்லாம் ஆலையையும் அளந்தாள். ஏழு தரமும் அது மேற்கே போயிருந்தது. பதிவை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. மூன்றாம் முறை கிடையாது. 2024 ஐப்பசி முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், ஆறு வருடமும் வாவியில் போட்ட கல்.

அந்த நிலையில்தான் ஹில்மி சேர் ஆலை மேற்கே நடப்பதை அவள் எழுதியிருந்த நாலாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “புள்ள, ஆள் சொல்றதுதான் தரவு. கட்டடம் சம்மதப் படிவத்தில கையெழுத்துப் போட்டதா? போடல்ல. இத எடுத்துப் போடு. மகன்தான் வாரிசு எண்டு முடிச்சி, வாற கிழமை கொண்டு வா. நான் கையெழுத்து வைக்கன்.”

“சேர், ஆள் ஒண்டு சொல்றார். ஆலை இன்னொண்டு செய்து. எனக்கு ஆலை சொல்றதும் வேணும்.”

“பட்டம் வேணுமா, ஆலை வேணுமா?”

“ரெண்டும் வேணும் சேர்” என்றாள் முப்லிஹா. குரலை உயர்த்தவில்லை. அத்தியாயத்தையும் கையில் வாங்கவில்லை.

ஹில்மி சேர் பிடிவாதக்காரர், ஆனால் நீதியான ஆள். ஒருவர் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும், அதுதான் முறை. பன்னிரண்டு பேரும் தானுமாகப் போய் மூன்று நாள் இருப்போம், அந்த மூன்று நாளில் ஆலை மேற்கே அசைந்தால் அத்தியாயம் இருக்கட்டும், அசையாவிட்டால் கிழிக்க வேண்டும், கிழிக்க மாட்டேன் என்றால் கோப்பு மூடப்படும் என்றார். முப்லிஹா சரி என்றாள். கோப்பு மூட ஒன்பது நாள் இருந்தது.

போனார்கள். ஆலையின் நாலு மூலையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆணி அடித்து, நூல் கட்டினார்கள். தண்ணீர்ப் போத்தலைத் திண்டில் படுக்க வைத்து அதற்குள் நிற்கிற காற்றுக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை விட்டார்கள். ஹில்மி சேர் ஆலைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, தவிடு தலையில் கொட்டக் கொட்ட உட்கார்ந்தார். ஆலை அசையவில்லை. சும்மா இருப்பானேன் என்று பன்னிரண்டு பேரும் முறை வைத்துச் சாமித்தம்பியை நேர்கண்டார்கள். பன்னிரண்டு பேரும் பதினேழாம் கேள்வியைக் கேட்டார்கள். பன்னிரண்டு தரமும் மதுஷன் என்றார்; ஒன்பதாம் ஆளுக்குச் சொல்லும்போது கொட்டாவியும் விட்டார். மதுஷன் தகவல் அறிந்து ஆரையம்பதியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்றதற்கு, “உமிக் காத்து அடிச்சா நாலு நாளைக்குத் தும்முவன். என்ட போட் இஞ்சின் திருத்துற கடைய இவ்வளவுக்கும் பூட்டிப் போட்டு வந்திரிக்கன். அது அசையுதா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க” என்றான். மூன்றாம் நாள் காலையில் அளந்தபோது ஆலை ஒரு விரற்கடை கிழக்கே திரும்பி வந்திருந்தது. ஹில்மி சேர் அதையும் எழுதிக்கொண்டார். “இது பிழையான திசை” என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் முப்லிஹா சாப்பிடவில்லை. தன் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை திரும்பப் புரட்டினாள். சம்மதப் படிவம் ஏழு; ஏழிலும் சாமித்தம்பியின் கையெழுத்து. வீட்டார் விபரம் எழுதிய தாளில், மங்கையற்கரசி, மனைவி, தொழிலில் பங்கு இல்லை என்று இருந்தது. வதனி, மகள், வீட்டு வேலை என்று இருந்தது. இரண்டும் முப்லிஹாவே கைப்பட எழுதியவை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆலைக்குள்ளே வதனி நெல்லுக் குத்துகிற இயந்திரத்தின் வயிற்றுக்குள் அரைவாசி ஆளாக இறங்கி, தேய்ந்துபோன றப்பர் உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். பிறகு முப்லிஹா பதினேழாம் கேள்வியை எடுத்து வாசித்தாள். முதல் வந்த வெளியூர்க்காரரின் வினாக்கொத்திலும் மற்ற எல்லாருடையதிலும் எழுத்துப் பிசகாமல் இருந்த பழைய கேள்வி. உங்களுக்குப் பின் தொழிலைப் பொறுப்பேற்கப்போகும் மகன் யார்?

காத்தான்குடியில் முப்லிஹா இருக்கிற வீடு அவளுடைய உம்மாவுக்கு அவவுடைய உம்மா கொடுத்தது. நாளைக்கு அது முப்லிஹாவுக்கு. கூடப்பிறந்த நானாமார் இரண்டு பேரும் கல்யாணம் முடித்து, தங்கள் பெண்சாதிமாருடைய வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாப்பாவின் புடவைக்கடையே உம்மாவின் வீட்டு முன்னறையில்தான் நடக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிள்ளை, கையில் வினாக்கொத்தைப் பிடித்தவுடன் எல்லாவற்றையும் மறந்து, ஊர் வழக்கம் தெரியாத ஒருவரைப்போல ஆறு வருடம் மகனைத் தேடியிருக்கிறது. அவள் தன்னைத்தானே ஒரு வார்த்தை ஏசிக்கொண்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

மங்கையற்கரசி ஆலைக்குப் பின்பக்கம் பெரிய இரும்புப் பரலில் நெல் அவித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, உங்களுக்குப் பிறகு இந்த ஆலை ஆருக்கு?”

மங்கையற்கரசி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடுப்பில் உமியைத் தள்ளினாள். சாக்கை எடுத்துப் பரலை மூடினாள். ஆவி போய்க்கொண்டிருந்தது. முப்லிஹா வாயைத் திறக்கவில்லை. மூன்று ஐஸ் கட்டி கரைகிற நேரம் போயிருக்கும்.

“எட்டு வருசமா ஆக்கள் வாறாங்க, தேத்தண்ணி குடிக்காங்க, போறாங்க” என்றாள் மங்கையற்கரசி. “இதக் கேக்க ஒருத்தருக்கும் வாய் வரல்லியே மனே.”

“இப்ப கேக்கன் அம்மா. பிந்தித்தான் கேக்கன்.”

“இந்த வளவு என்ட அம்மாட. மெசினு என்ட அப்பா வாங்கி, வளவோட சேத்து எனக்குச் சீதனமாத் தந்தது. இவர் மாப்பிள்ளையா வரக்குள்ள ஒரு சூட்கேசும் ஒரு குடையும் கொண்டு வந்தவர். குடையும் ஓட்டை. வாசல் பலகையில அவர்ர பேர் கிடந்தா நமக்கென்ன, கிடக்கட்டும். நான் என்ட மகளுக்குக் குடுக்காம ஆருக்குக் குடுக்கிற? மேக்கால பின் வளவில வதனிக்கி வீடு கட்டிக் குடுத்தாச்சி. வீடு போனா ஆலையும் போற தானே. இது என்ன பெரிய கேள்வியெண்டு இவ்வளவு பேர் வந்து நிக்கிற?”

சொல்லிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்து, படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கடைசிச் ‘சி’யின் சுழியை அவள் இழுத்து முடிக்கவும் ஆணி நாலும் பிடுங்கிக்கொண்டு பறந்தன. நூல் அறுந்தது. ஆலை ஒரு கனைப்புக் கனைத்து, திண்டுப் போத்தலைக்கூட உருட்டாமலே பதின்மூன்று அடி மேற்கே போய் வதனியின் குசினி வாசலுக்கு நேரே நின்றது. பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். வெயில் நன்றாக இருந்தபடியால் பதின்மூன்று பேரும் கண்டார்கள். ஹில்மி சேர் கதிரையோடு உள்ளே இருந்தபடி போய்ச் சேர்ந்தார். வழி நெடுக எழுதியதில் அவருடைய எழுத்து ஓர் இடத்திலும் கோணவில்லை. வதனி இயந்திரத்துக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, இடம் மாறியதைப் பார்த்து, “ஒரு ரெண்டடி தள்ளி நிப்பாட்டியிருக்கலாம். இனி லொறி எப்படித் திருப்புற?” என்றாள். பிறகு உருளையைப் பூட்டப் போனாள்.

சாமித்தம்பியை எல்லாரும் சுற்றி நின்று, நீங்கள் ஏன் இத்தனை தரம் மதுஷன் என்று சொன்னீர்கள் என்று கேட்டார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மகன் ஆரெண்டு கேட்டீங்க. எனக்கு இரிக்கிறது ஒரு மகன். வேற ஆர்ர பேரச் சொல்ற? பக்கத்து வீட்டான்ட மகனையா?” மதுஷன் வேலிக்கு வெளியே நின்று, “அப்ப எனக்கு இல்ல தானே? உறுதியா இல்ல தானே?” என்று இரண்டு தரம் கேட்டு, இல்லை என்று அறிந்ததும் வாய்விட்டுச் சிரித்து, தும்மி, கடையைத் திறக்கப் போய்விட்டான்.

ஹில்மி சேர் திரும்பி வருகிற வழியில் மண்முனைப் பாலம்வரை தலையிலிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். பாலத்தில் வைத்து, “இருபத்தி ரெண்டு வருசமா அந்தப் பதினேழாம் கேள்விய நானும் படிப்பிச்சிரிக்கன் புள்ள” என்றார். அவ்வளவுதான். அறிக்கையில், ஆலை பதின்மூன்று அடி நகர்ந்தது, நகர்வதை நேரில் கண்டேன், காரணம் இப்போது திருத்திய நாலாம் அத்தியாயத்தில் சரியாகக் கூறப்பட்டுள்ளது என்று எழுதினார். திருத்தம் ஒன்றே ஒன்று சொன்னார்: அடியை மீற்றராக்க வேண்டும். முப்லிஹா இரண்டு இரவும் ஒரு பகலும் இருந்து ஆக்கி, கோப்பு மூட நாலு நாள் இருக்கக் கொடுத்தாள். வாய்மொழிப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த ஒருவர், ஆலை ஏன் நடந்தது என்று கேட்காமல், பரலுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். இருபத்தாறு நிமிடம் என்றாள். பட்டம் கிடைத்தது.

இப்போது அடுத்த தொகுதி மாணவர்களைப் பழக்குவது கலாநிதி முப்லிஹாதான். ஊர் வழக்கம் தெரிந்து கேட்கிறார்கள், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுப் பேசாமலும் இருக்கிறார்கள். அதன் பலனாகச் சென்ற வருடம் ஏறாவூரில் ஒரு தையற்கடை மூன்றாவது மகளின் வளவுக்கு, நடுவிலிருந்த பள்ளிக்கூட மதிலைச் சுற்றிக்கொண்டு, ஒன்றரை நாளில் போய்ச் சேர்ந்தது. ஆரையம்பதியில் ஒரு பலசரக்குக் கடை இரண்டு ஒழுங்கை தள்ளிப் தங்கை வயிற்றுப் பெறாமகள் வீட்டு முன்னால் நிற்கிறது. ஓட்டமாவடியில் ஒரு பேக்கரி போகிறதா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. பாணை மட்டும் நேரத்துக்குப் போடுகிறது. ஆக்களுக்குப் பெரிய கரைச்சல் ஒன்றும் இல்லை. சாமான் வாங்கப் போகிறவர்கள் முதலில் போன் எடுத்து, “கடை இண்டைக்கு எங்க நிக்கிது?” என்று கேட்டுவிட்டு வெளிக்கிடுகிறார்கள்.