சொல்லக் கூடாத பெயர்

வீட்டை விட்டு நிழல் போன அன்று அங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர்: ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் மனைவி, மகன், மருமகள், மருமகளின் பெற்றோர், ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த மகள், பெயர் வைக்காத பத்து நாள் பெண் குழந்தை. ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்லும் எதிர்வீட்டுக்காரர் அன்று ஊரிலேயே இல்லை.

குழந்தைக்குப் பெயர் தேடும்போது சர்வேயர் மகளைக் காட்டிப் பெருமை பேசினார். அவள் பெயருக்கு நிழல் என்று பொருள். குடை பிடிக்க ஆள் வைத்திருந்த கொள்ளுப்பாட்டியின் பெயராம்.

“இல்லப்பா,” என்றாள் மகள். “காப்பகத்துல பழைய பத்திரம் பாத்தேன், கொள்ளுத்தாத்தா கையெழுத்துலயே இருக்கு. அது பாத்திரம் தேய்க்க வந்தவங்க பேரு. தாத்தாவப் பெத்தவ செத்ததும் அவருக்குப் பால் கொடுத்தது அவங்கதான்.”

“அப்ப குடைய யாரு பிடிச்சா, சம்பந்தி?” என்றார் மருமகளின் அப்பா.

சர்வேயர் எழுந்தார். “இனிமே இந்த வீட்ல அந்தப் பேர யாரும் சொல்லக் கூடாது.”

கூப்பிடப் பெயரில்லாத வீட்டில் மகளுக்கு என்ன வேலை? அன்றே பெட்டியோடு போனாள். பின்னாலேயே நிழலும் போனது. கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒரே வெளிச்சம். பதினோரு வருடம் அப்படியே இருந்தது. விருந்தாளிகள் தங்கள் நிழலைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்து, போகும்போது மாட்டிக்கொண்டு போனார்கள். மனைவி கண்ணில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தூங்கினாள். கம்பத்தின் நிழலைப் பார்த்தே உயரம் சொல்லும் சர்வேயர், தன் உயரம் தெரியாமல், முதுகை மட்டும் வளைக்காமல் நடந்தார். மகளின் அறையைத் தினமும் அவரே பெருக்கினார். பெயர் தொண்டை வரை வரும். தண்ணீர் குடித்து இறக்கிவிடுவார்.

மகனுக்கு இரண்டாவது பெண் பிறந்தபோது ஒருத்தியைத் தவிர எல்லோரும் கூடினார்கள். “இன்னும் எத்தன நாளைக்குங்க இந்த வீம்பு?” என்று மட்டும் கேட்டாள் மனைவி. சர்வேயர் சம்பந்தியின் எதிரில் போய் நின்றார்.

“பாத்திரம் தேய்ச்சவங்க பேருதான். அவங்க பால் கொடுக்கலைன்னா இந்த முதுகே கிடையாது. சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க.”

பிறகு தெருவுக்கே கேட்கும்படி மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சம்பந்தி சிரிக்கவில்லை. தொட்டிலுக்கு அடியில்தான் முதலில் நிழல் விழுந்தது.

அன்று மாலையே மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. வந்தது அவள் நிழல் மட்டுமே. சாப்பாட்டு மேசையருகே அவளுடைய பழைய நாற்காலியில் இருக்கிறது. சர்வேயர் அதைத் தினமும் பெயர் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுகிறார்.