டாக்டர் ஷவ்கியின் மூன்றாவது தேர்வு

உம் ஷெஹாதா என்ற பெண்மணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் ஷவ்கிக்கு நாக்கு துறுதுறுத்தது. எகிப்தின் கிர்கா ஊரில் அந்தச் சின்ன மருத்துவமனையில் இருபத்தாறு வருடங்களாக அவர்தான் குடும்ப மருத்துவர். நோயாளி படியேறும்போதே நோயையும் மருந்தையும், நேற்று மருமகளோடு நடந்த சண்டையையும் அவரே சொல்லிவிடுவார். இன்று பேசக்கூடாது. பேச வேண்டியவள் பயிற்சி மருத்துவர் நிவீன். மூலையில், ஷவ்கியைச் சோதிக்கக் கெய்ரோவிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் இனாஸ், மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர்களை ஆசிரியர்களாக்கும் ஒரு பயிற்சியின் தேர்வில் ஷவ்கி இரண்டு முறை தோற்றிருந்தார். இரண்டு முறையும் ஒரே குறிப்பு: 'மாணவரைப் பேசவே விடுவதில்லை.' இந்த முறையும் தேறாவிட்டால் நிவீனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். தினமும் எண்பது பேரை மறுபடி அவர் ஒருவரே பார்க்க வேண்டும். அதனால் வாயைத் திறக்காமலிருக்க இரண்டு பேரீச்சம்பழங்களைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"எப்பலேருந்தும்மா வலிக்குது?" என்று நிவீன் தரையிடம் கேட்டாள்.

உம் ஷெஹாதா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "என்ன டாக்டரே, இன்னிக்கு என்னைத் திட்டவே இல்ல?"

ஷவ்கி தலையை மட்டும் ஆட்டினார்.

"ஐயோ, டாக்டருக்கு வாய் கோணிக்கிச்சே! எம் புருஷனுக்கும் பக்கவாதம் இப்படித்தான் ஆரம்பிச்சுது!"

அவர் மறுக்கப் பார்த்தார். "ம்ழ்" என்றுதான் வந்தது. வெளியே காத்திருந்த பெண்கள் மொத்தமாகக் கதவில் நெருக்கினார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

நிவீன் எழுந்தாள். வந்த மூன்று மாதத்தில் அவள் குரலை இத்தனை உரக்க யாரும் கேட்டதில்லை. "எல்லாரும் வெளிய நில்லுங்க! சார், சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க."

தூக்கினார். சிரித்தபோது ஒரு கொட்டை மேசைமேல் விழுந்து உருண்டது. டாக்டர் இனாஸ் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின.

ஷவ்கி அவசரமாக விழுங்கினார். "பேரீச்சம்பழம்மா. நான் நல்லாத்தான்..."

"பேசாதீங்க சார்." நிவீன் அதற்குள் அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டிருந்தாள். ஒருமுறை பார்த்தாள். மறுபடி காற்றடித்துப் பார்த்தாள். "நூத்தித் தொண்ணூறு இருக்கு. கடைசியா எப்ப பாத்துக்கிட்டீங்க?"

ஊருக்கெல்லாம் அழுத்தம் பார்க்கிறவர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. நிவீன் அவசரப்படுத்தாமல் நின்றாள். டாக்டர் இனாஸ் தாளில் 'மாணவர் பேசுகிறார்' என்று எழுதினாள்.

உம் ஷெஹாதா பெஞ்சில் மெல்ல நகர்ந்துகொண்டாள். "இங்க வந்து உக்காருங்க டாக்டரே. மொதல்ல உங்களப் பாக்கட்டும். என் காலு எங்க ஓடிடப் போவுது?"

ஷவ்கி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.